வெந்நீர்க் கெண்டி சொல்லும் சேதி

தனியாக வாழும் முதியவர்களுக்கு ஜப்பான் கண்ட வழி
காவல் காக்கும் கெண்டி, பல்பு, அடுப்பு!

ஜப்பான் நாட்டில் ஒரு கெண்டி செய்தார்கள். மின்சாரத்தில் தண்ணீர் சுட வைக்கும் கெண்டி.

அது வெந்நீர் தரும். சேதியும் சொல்லும்!

கிராமத்து வீட்டில் தாய் தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் தொலைவில், டோக்கியோ நகரத்தில் வேலை பார்க்கிறான். தாய் காலையில் எழுந்ததும் டீ போடுவதற்காகக் கெண்டியின் பொத்தானை அழுத்துகிறார். வெந்நீர் வருகிறது.

பொத்தான் அழுத்தப்பட்ட விவரம் கெண்டிக்குள் இருக்கும் சிறு கருவிக்குத் தெரியும். செல்போன் பேசுவது போல, அது கம்பியில்லாமல் அந்த விவரத்தை அனுப்பிவிடும். ஒரு நாளைக்கு 2 தடவை மகனுடைய செல்போனுக்குச் செய்தி வரும்.

"அம்மா எழுந்துவிட்டார், டீ குடித்துவிட்டார்" என்று மகன் தெரிந்துகொள்வான்.

கெண்டி நாள் முழுவதும் சும்மா இருந்தால்? மகனுக்குச் சந்தேகம் வரும். உடனே தாய்க்குப் போன் செய்வான்.

தாய் வெளியூர் போனால் என்ன செய்வது? அதற்கும் கெண்டியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டுப் போனால், "வெளியே போயிருக்கிறார்" என்று தகவல் போய்விடும்.

ஒரு சாவு கற்றுத் தந்தது

இந்தக் கெண்டி விளையாட்டாகப் பிறக்கவில்லை. ஒரு சோகத்தில் பிறந்தது.

1996-ம் ஆண்டு. டோக்கியோவில் இக்கேபுக்குரோ என்ற இடம். எப்போதும் கூட்டம் நிறைந்த கடைவீதிப் பகுதி அது. அங்கே ஒரு வீட்டில் வயதான தாயும், நோயாளி மகனும் இறந்து கிடந்தார்கள். சாப்பாடு இல்லாமல் செத்துப்போனார்கள். பல நாள் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது.

பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடமாடினார்கள். ஆனாலும் அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

இந்தச் செய்தி ஜப்பானை உலுக்கியது. "தினமும் வீட்டில் புழங்கும் ஒரு சாமானைக் கொண்டு முதியவர்களின் நலத்தை அறிய முடியாதா?" என்ற கேள்வி பிறந்தது.

ஜப்பானியர் டீப் பிரியர்கள். ஒரு நாளைக்குப் பல தடவை டீ குடிப்பார்கள். வெந்நீர்க் கெண்டி இல்லாத வீடு அங்கே அபூர்வம். ஆகவே கெண்டியையே தேர்ந்தெடுத்தார்கள். சோஜிருஷி என்ற கம்பெனி 2001-ம் ஆண்டில் இதைக் கொண்டுவந்தது.

153 பேர்; இப்போது 1 லட்சம்!

ஜப்பானுக்கு இந்தக் கவலை ஏன்?

காரணம், அது முதியவர்கள் நிறைந்த நாடு. 2025-ம் ஆண்டுக் கணக்குப்படி அங்கே 100 பேரில் 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

1963-ம் ஆண்டில் ஜப்பானில் 100 வயது நிரம்பியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 153 பேர். 2025-ம் ஆண்டில் 99,763 பேர்! ஏறத்தாழ 1 லட்சம்.

நல்ல உணவு, நல்ல மருத்துவம், சுத்தமான தண்ணீர். இவை ஆயுளை நீட்டின. ஆனால் ஆயுள் வளர்ந்த அதே காலத்தில் குடும்பம் சுருங்கியது.

தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வாழ்வது ஜப்பானிலும் பழைய வழக்கம்தான். 1980-ம் ஆண்டில், முதியவர்கள் உள்ள வீடுகளில் பாதி வீடுகள் இப்படிப்பட்ட 3 தலைமுறைக் குடும்பங்கள். 2022-ம் ஆண்டில் அது 100-க்கு 7 வீடு ஆகிவிட்டது.

இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்குப் போனார்கள். நகரத்தில் வீடு சிறியது. வாடகை பெரியது. தாய் தகப்பனை அழைத்துக்கொள்ள இடம் இல்லை. பல முதியவர்களுக்கும் சொந்த ஊரை விட்டு வர மனம் இல்லை.

2020-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, 65 வயதைத் தாண்டித் தனியாக வாழ்பவர்கள் சுமார் 67 லட்சம் பேர். இவர்களில் 44 லட்சம் பேர் பெண்கள். 2050-ம் ஆண்டில் இது 1 கோடியைத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தனிமைச் சாவு

தனியாக இறந்து, நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஜப்பானிய மொழியில் ஒரு பெயரே இருக்கிறது. "கொடோகுஷி" என்கிறார்கள். தனிமைச் சாவு என்று பொருள்.

ஜப்பான் போலீசார் 2024-ம் ஆண்டு முழுவதற்கும் கணக்கு எடுத்தார்கள். வீட்டில் தனியாக இறந்தவர்கள் 76,020 பேர். இவர்களில் 58,044 பேர் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்.

மொத்தத்தில் 21,856 பேரின் உடல்கள், இறந்து 8 நாள் அல்லது அதற்கு மேல் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டன!

இவர்கள் எல்லாரும் அனாதைகள் என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளைகள் இருந்தும், தினமும் ஒரு தடவை "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்க ஆள் இல்லாவிட்டால், இந்த நிலை யாருக்கும் வரலாம்.

தானே அணையும் அடுப்பு

முதியவருக்கு ஆபத்து தெருவில் மட்டும் இல்லை. வீட்டுக்குள்ளேயும் இருக்கிறது. அடுப்பு, குளியல் அறை, வாசற்படி இந்த மூன்றும் முக்கியமானவை.

அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு மறந்துபோவது வயதானவர்களுக்கு வழக்கம். இதற்கு ஜப்பான் சர்க்கார் சட்டம் போட்டது. 2008-ம் ஆண்டு அக்டோபர் முதல், வீட்டுக் காஸ் அடுப்புகளில் சூடு அறியும் கருவி கட்டாயம். அடுப்பின் நடுவே ஒரு சிறு குமிழ் இருக்கும். அது சட்டியின் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சூடு அளவு மீறினால் காஸ் தானாக நின்றுவிடும். தீயும் அணைந்துவிடும்.

புகை வந்தால் கத்தும் கருவியும் வீடுகளில் கட்டாயம் ஆக்கப்பட்டது. 2006-ம் ஆண்டு ஜூன் முதல் புது வீடுகளுக்கு இந்தச் சட்டம். 2011-ம் ஆண்டு ஜூன் மாதத்துக்குள் பழைய வீடுகளும் மாட்டவேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

குளியல் அறை விஷயம் ஜப்பானுக்கே உரியது. அங்கே ஆழமான தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பி, கழுத்தளவு உட்கார்ந்து குளிப்பார்கள். குளிர்காலத்தில் உடை மாற்றும் அறை சில்லென்று இருக்கும். தொட்டித் தண்ணீர் கொதிக்கும். இரத்த அழுத்தம் ஏறி இறங்கி, மயக்கம் வந்து, முதியவர் தண்ணீரில் மூழ்கிவிடுவார். இப்படி இறப்பவர்கள் அதிகம்.

தண்ணீர்ச் சூடு 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிஷத்துக்கு மேல் தொட்டியில் இருக்கவேண்டாம், குளிக்கப் போகும்போது வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்று சர்க்கார் அறிவுரை சொல்கிறது. பல வீடுகளில் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சமையல் அறையில் மணி அடிக்கும்.

மூன்றாவது, வழுக்கலும் படியும். இதற்குப் பெரிய யந்திரம் எதுவும் தேவை இல்லை. சுவரில் ஒரு கைப்பிடி போதும். படியைச் சரிவாக மாற்றினால் போதும்.

பணம் யார் கொடுப்பது?

ஜப்பானில் 2000-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு இன்ஷூரன்ஸ் திட்டம் தொடங்கியது. முதியோர் பராமரிப்புத் திட்டம் அது. 40 வயது ஆனதும் எல்லாரும் பணம் கட்டவேண்டும். செலவில் ஒரு பாதி இந்தப் பணத்தில் இருந்து வரும். மறுபாதியை வரிப்பணத்தில் இருந்து போடுகிறார்கள்.

உதவி தேவை என்று சான்று பெற்ற முதியவர், இந்தத் திட்டத்தின் கீழ் வீட்டில் கைப்பிடி மாட்டலாம். படியை எடுக்கலாம். 2 லட்சம் யென் வரை வேலை செய்யலாம். (யென் என்பது ஜப்பான் நாணயம்.) பெரும்பாலான முதியவர்கள் இதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். வசதி உள்ளவர்கள் பத்தில் 2 அல்லது 3 பங்கு கொடுக்கவேண்டும்.

ஏற்றி இறக்கும் கட்டில், சக்கர நாற்காலி ஆகியவற்றை வாடகைக்கு எடுக்கவும் உதவி உண்டு. ஞாபக மறதி நோய் உள்ளவர் எழுந்து வெளியே போனால் மணி அடிக்கும் கருவியையும் இப்படி வாங்கலாம்.

இது வெறும் தர்மம் இல்லை; கணக்குப் போட்டுச் செய்த காரியம். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு? அதன் பிறகு படுக்கையில் வைத்துப் பார்க்க எத்தனை ஆள்? கைப்பிடியின் விலை அதற்கு முன்னால் கால் தூசு.

பல்பும் பார்சல்காரரும்

கெண்டிக்குப் பிறகு பல்பும் வேலைக்கு வந்தது.

இந்தப் பல்பு மற்றப் பல்புகளைப் போலவேதான் இருக்கும். கக்கூஸில் மாட்டிவிட்டால் போதும். தனியாகக் கம்பி இழுக்கவேண்டியது இல்லை. செல்போனில் இருப்பது போன்ற சிம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு நாள் முழுவதும் பல்பு எரியாவிட்டாலும், அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் மகனுக்கோ மகளுக்கோ தகவல் போகும்.

இதுவரை கெண்டியின் கதைதான். அடுத்தது புதுமை.

மகன் போன் செய்கிறான். தாய் எடுக்கவில்லை. மகன் இருப்பதோ 500 மைல் தூரத்தில். என்ன செய்வான்?

பல்பைக் கொடுத்த யமாட்டோ என்ற கம்பெனி, வீடுவீடாகப் பார்சல் கொடுக்கும் கம்பெனி. ஊர் ஊருக்கு அதற்கு ஆள் உண்டு. மகன் கேட்டுக்கொண்டால், அந்த ஊழியர் தாயின் வீட்டுக்கு நேரே போய்ப் பார்ப்பார்!

ஜப்பான் தபால் கம்பெனியும் இப்படி ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. 2017-ம் ஆண்டு அக்டோபரில் நாடு முழுவதும் தொடங்கியது. கட்டணம் கட்டினால், தபால் ஊழியர் மாதம் ஒரு தடவை முதியவரின் வீட்டுக்குப் போவார். உட்கார்ந்து பேசுவார். அவர் எப்படி இருக்கிறார் என்று பிள்ளைகளுக்கு எழுதி அனுப்புவார்.

கெண்டி சேதி சொல்லும். ஆனால் கதவைத் தட்ட மனிதன்தான் வேண்டும். ஜப்பானியர் 20 ஆண்டுகளில் கண்ட பெரிய உண்மை இதுதான்.

கரடி என்ன ஆயிற்று?

மனிதன் இல்லாமல் யந்திரமே எல்லாம் செய்துவிடாதா? அதையும் ஜப்பானியர் முயன்று பார்த்தார்கள்.

2015-ம் ஆண்டில் ஜப்பான் விஞ்ஞானிகள் ஒரு ரோபோவைக் காட்டினார்கள். கரடி முகம். வெள்ளை உடம்பு. நோயாளியைக் கட்டிலில் இருந்து இரு கைகளாலும் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தது. உலகமே அதிசயித்தது. படம் வராத பத்திரிகை இல்லை.

ஆனால் அந்தக் கரடி வீடுகளுக்கு வரவே இல்லை. பரிசோதனைச் சாலையோடு நின்றுவிட்டது.

அதே நாட்டில் கெண்டியும், பல்பும், கைப்பிடியும் சத்தம் இல்லாமல் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டன. இவற்றைப் பயன்படுத்த முதியவர் புதிதாக எதுவும் கற்கவேண்டியது இல்லை. வழக்கம் போல டீ போட்டால் போதும். விளக்கைப் போட்டால் போதும்.

ஆள் பஞ்சமோ பெருகிக்கொண்டே போகிறது. 2040-ம் ஆண்டில் முதியவர்களைப் பராமரிக்க 27 லட்சம் பேர் வேண்டும். அதில் 5 லட்சத்து 70 ஆயிரம் பேர் குறைவார்கள் என்று ஜப்பான் சர்க்கார் 2024-ம் ஆண்டில் கணக்குச் சொன்னது. ஆகவே அங்கே யந்திரத்தை விடவும் முடியாது. யந்திரத்தையே நம்பி இருக்கவும் முடியாது.

காமிராவா, கெண்டியா?

இன்று காமிரா மலிவு. தாயின் வீட்டில் ஒரு காமிராவை மாட்டிவிட்டு, மகன் ஆபீசில் இருந்தபடியே செல்போனில் பார்க்கலாம். பிறகு கெண்டி எதற்கு?

இங்கேதான் மானம் என்ற ஒன்று குறுக்கே வருகிறது.

60 ஆண்டுகள் குடும்பத்தை நடத்திய தாய். தான் படுப்பதையும், எழுவதையும், சேலை மாற்றுவதையும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்றால் அவர் மனம் என்ன பாடுபடும்? சொந்த வீடே சிறை போல் ஆகிவிடாதா?

கெண்டி அப்படிப் பார்ப்பது இல்லை. "டீ போட்டார்" என்று மட்டும் சொல்லும். யாரோடு குடித்தார், என்ன பேசினார் என்று சொல்லாது. தேவையான அளவு தெரியும். மற்றது மறைந்திருக்கும்.

எந்தக் கருவியானாலும், அதை வைப்பதற்கு முன்பு முதியவரின் சம்மதம் கேட்கவேண்டும். கேட்காமல் மாட்டிய கருவியை, பெரியவர் ஒரு நாள் துணி போட்டு மூடிவிடுவார். அவசர மணியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னால், "எனக்கு என்ன வந்துவிட்டது?" என்று ஆணியில் மாட்டிவிடுவார். விழுகிற அன்று மணி ஆணியில் இருக்கும். அவர் தரையில் இருப்பார்.

கெண்டியால் ஆகாதது

கெண்டிக்கும் எல்லை உண்டு.

ஒரு நாளைக்கு 2 தடவைதான் சேதி சொல்லும். காலையில் டீ குடித்தவர் அடுத்த நிமிஷமே விழுந்தால், அது உடனே தெரியாது. மின்சாரம் நின்றால் கெண்டியும் நின்றுபோகும்.

டீ போடவில்லை என்றால் உடம்பு சரியில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டில் குடித்திருக்கலாம். பொத்தானை அழுத்தாமல் வெளியூர் போயிருக்கலாம். பல தடவை பொய்ச் சேதி வந்தால், பிள்ளைகள் மெய்ச் சேதியையும் கவனிக்கமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "செய்தி வந்துவிட்டது, அம்மா நன்றாக இருக்கிறார்" என்று மகன் பேசுவதையே நிறுத்திவிடலாம். தாய் உயிரோடு இருப்பது அவனுக்குத் தெரியும். தாய் அழுதுகொண்டிருப்பது தெரியாது!

தமிழ்நாட்டுக்கும் வருகிறது

இது ஜப்பான் கதைதானே என்று தமிழ்நாடு சும்மா இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ம் ஆண்டில் 100 பேருக்கு ஏறத்தாழ 14 பேர் என்றும், 2031-ம் ஆண்டில் 18 பேர் ஆகிவிடுவார்கள் என்றும் மத்திய புள்ளிவிவர இலாகா அறிவித்தது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியவர்கள் நிறைந்தது தமிழ்நாடுதான். மகன் சென்னையில், மகள் பெங்களூரில், பெரியவர்கள் மட்டும் ஊரில் என்ற வீடுகள் இப்போதே ஏராளம்.

ஜப்பான் கெண்டி தமிழ்நாட்டு வீட்டுக்கு ஒத்துவராது. இங்கே காபி போடுவது காஸ் அடுப்பில். ஆனால் கெண்டி சொல்லும் பாடம் ஒத்துவரும். அந்த வீட்டில் தினமும் தவறாமல் நடக்கும் காரியம் எது? அதைக் கவனிக்க ஒருவர் இருந்தால் போதும். காலையில் கோலம் விழுந்ததா, பால் பாக்கெட்டை எடுத்தாரா, வாசல் விளக்கு எரிந்ததா என்று பக்கத்து வீட்டார் பார்த்தாலே பாதிக் காவல் கிடைத்துவிடும்.

கருவி வாங்க நினைக்கும் குடும்பம் 4 கேள்விகளைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

1. பெரியவர் சம்மதித்தாரா?

2. புதிதாக எதுவும் கற்காமல் அவரால் அதைப் பயன்படுத்த முடியுமா?

3. மின்சாரம் நின்றால், சிக்னல் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

4. மணி அடித்தால் 10 நிமிஷத்துக்குள் வீட்டுக்குப் போகக்கூடியவர் யார்? அவரிடம் ஒரு சாவி இருக்கிறதா?

நாலாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் கருவி வாங்கினாலும் பயன் இல்லை.

குறைந்த செலவில் இன்றைக்கே செய்யக்கூடியவையும் உண்டு. குளியல் அறையிலும் கக்கூஸிலும் கைப்பிடி. வழுக்காத தரை. கட்டிலில் இருந்து கக்கூஸ் வரை இரவு விளக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தபடியே எட்டும் இடத்தில் போன். பெரிய எழுத்தில் 3 போன் நம்பர்கள்.

முதியவர்களுக்கு உதவ 14567 என்ற நம்பர் இருக்கிறது. 2021-ம் ஆண்டில் நாடு முழுவதற்கும் தொடங்கியது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். கட்டணம் இல்லை. அந்த நம்பரையும் சேர்த்து எழுதி ஒட்டலாம்.

முதியவர்கள் பலர் கேட்பது ஒன்றே ஒன்று. தங்கள் வீட்டில், தங்கள் கையால் சமைத்து, யாருக்கும் பாரமாக இல்லாமல் வாழவேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த வாழ்வைக் கருவி இன்னும் சில ஆண்டுகள் நீட்டித் தரும்.

அந்த ஆண்டுகளில் சிரிப்பும் பேச்சும் இருக்கவேண்டும் என்றால், பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் போய் வரவேண்டும். அதைச் செய்யும் யந்திரத்தை ஜப்பானியரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை!